பனியில் பருத்திச் சட்டை

அந்த ஊரில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் விருதுநகரில் பஸ் ஏறி சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் இறங்குவதற்குள், நான் எந்த ஊர்ப் பெண், யார் வீட்டுக்கு வாக்கப்பட்டவள், பிள்ளைக்கு ஏன் இன்னும் காது குத்தவில்லை என்பது வரை பக்கத்து சீட்டு அம்மா கேட்டு முடித்திருப்பார். பின்லாந்தில், கணவரின் கம்பெனி அவரை இரண்டு வருட வேலைக்கு அனுப்பியிருந்த ஊரில், பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். நிற்கிறவர்கள்கூட அதில் உட்கார மாட்டார்கள். என் மேல் ஏதாவது வாடை அடிக்கிறதோ என்று முதல் வாரம் என் கம்பளிக் கோட்டின் கையை மோந்து பார்த்தேன். தாளித்த வாடை கொஞ்சம் இருந்தது. பிறகுதான் கவனித்தேன், அங்கே எல்லோருடைய பக்கத்து இருக்கையும் காலியாகத்தான் இருந்தது.

பார்க்க ஆளில்லாதபோது நாம் மற்றவர்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். நான் துணிகளைப் பார்த்தேன். தெருவில் எல்லோரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். கறுப்பு இல்லையென்றால் சாம்பல், அதுவும் இல்லையென்றால் கறுப்பாக மாற நினைத்த நீலம். எண்பது வயதுப் பெண்மணியும் கல்லூரிப் பையனும் ஒரே மாதிரி பஞ்சு அடைத்த, முழங்கால் வரை வருகிற, பளபளப்பான கோட் போட்டிருந்தார்கள். நடக்கும்போது அந்தக் கோட்டுகள் ஒன்றோடொன்று உரசி சரக் சரக்கென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டாலே நான் ஒதுங்கி நடந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் வண்ணத்தை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பது மகளின் டேகேரில் பெற்றோர் கூட்டம் நடந்த மாலைதான் தெரிந்தது. அங்கேயும் நம் ஊர் போல வாசலிலேயே காலணியைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் பார்த்தால், கறுப்புக் கோட்டுக்காரர்கள் எல்லோர் காலிலும் கையால் பின்னிய கம்பளிக் காலுறைகள். சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம், இலை, பூ. நான் போட்டிருந்தது சாத்தூர்க் கடையில் வாங்கிய, கட்டைவிரல் மட்டும் தனியாகப் பிரிந்த, தோல் நிறக் காலுறை. மெட்டி அதற்குள் புடைத்துக்கொண்டு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் அப்பா என் காலை ஒரு கணம் பார்த்தார். அதே வேகத்தில் கண்ணைத் தூக்கிக் கூரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். சிரித்திருந்தால்கூட நான் பதிலுக்குச் சிரித்திருப்பேன்.

மேசையில் காபியும் ஒரு ரொட்டியும் வைத்திருந்தார்கள். எடுத்துக்கோங்க என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். ஒவ்வொருவராக எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் உறைத்தது. காபி குடிக்காமலே வந்துவிட்டேன்.

அன்று கிளம்பும்போதுதான் மகளின் ஆசிரியர் என்னைத் தனியாக அழைத்தார். என்னைவிட வயதில் சின்னவராகத்தான் இருப்பார். மெதுவாக, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். மழையோ பனியோ, குழந்தைகள் தினமும் காலையும் மாலையும் வெளியே விளையாடுவது இங்கே வழக்கம். உங்கள் மகளை மட்டும் எங்களால் வெளியே அனுப்ப முடியவில்லை. அவளுக்குச் சரியான உடை இல்லை. மற்ற பிள்ளைகள் வெளியே இருக்கும் நேரம் முழுக்க அவள் உள்ளே தனியாக இருக்கிறாள். விளையாட்டு வெளியேதான் நடக்கிறது, பேச்சும் அங்கேதான் வருகிறது. இன்னும் அவளுக்கென்று ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை.

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதனால்தான் கூடுதலாக வலித்தது. என் மகளுக்கு மூன்றரை வயது. விருதுநகர் வீட்டில் தெருப் பிள்ளைகள் பெயரையெல்லாம் ஒரே மூச்சில் சொல்கிறவள், வந்து இரண்டு மாதத்தில் வாயே திறக்காத பிள்ளையாகியிருந்தாள். நான் அங்கே தனியாக இருந்தேன். அது போகட்டும், பெரியவள், சமாளித்துக்கொள்வேன். அவளும் என்னைப் போல ஆகிவிடுவாளோ என்பதுதான் என் பயம்.

சரியான உடை என்று அவர் சொன்னது ஓவரால். கால் முதல் கழுத்து வரை ஒரே துணியாக ஜிப் வைத்தது. மேலே தண்ணீர் இறங்காத நைலான், உள்ளே மொசுமொசுவென்று பாலியஸ்டர். கடைக்குப் போனால் கிடைக்கும். அவர் சொல்வதற்கு முன்பே எனக்கும் அது தெரியும். வாங்காமல் இருந்ததற்கு வேறு காரணம் இருந்தது.

என் அப்பா சாத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பட்டாசு யூனிட் வைத்திருக்கிறார். அந்தத் தொழிலில் இருக்கிற வீடுகளில் பிள்ளைகள் அ, ஆ படிப்பதற்கு முன்பே துணி படிப்பார்கள். பருத்தி மட்டும். நைலான், பாலியஸ்டர் இரண்டும் உரசினால் மின்சாரம் சேரும், அதிலிருந்து ஒரு சின்னப் பொறி கிளம்பினால் போதும். வெடிமருந்து அறைக்குள் போகிறவர்கள் உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் கையை வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆயுத பூஜைக்கு மட்டும் பிள்ளைகளை யூனிட்டுக்கு அழைத்துப் போவார்கள். ஊரில் மற்ற பிள்ளைகள் பட்டுப்பாவாடையில் மினுக்குகிற அந்த நாளில் நான் கஞ்சி போட்ட பருத்திப் பாவாடையில் போவேன். கொலுசைக்கூட அம்மா வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுவாள். புதுத்துணி எது வாங்கினாலும் ஓரத்தில் ஒரு நூலை உருவி எரித்துப் பார்ப்பாள். சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகச் சுருண்டால் அந்தத் துணி அன்றைக்கே கடைக்குத் திரும்பிவிடும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது, ஊருக்கு வெளியே வேறொருவருடைய யூனிட்டில் ஒரு மதியம் வெடித்தது. வகுப்பில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள், டீச்சர் எதுவும் சொல்லாமலே எழுந்து நின்றார்கள். யாரோ ஒரு அக்கா நைலான் சேலை கட்டி வந்ததுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த நாள், பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் தெருவில் வந்தபோது, அம்மா கட்டாமல் பீரோவில் மடித்து வைத்திருந்த பழைய நைலான் சேலைகள் அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு இட்லிப் பானை வாங்கினாள். அதில் ஒன்று அவளுடைய நிச்சயதார்த்தச் சேலை.

நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவள். வெடிமருந்து இல்லாத இடத்தில் அந்தப் பொறி ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற பின்லாந்து வீட்டுக் காற்று அப்பளம் போலக் காய்ந்திருந்தது. கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடித்தது. கணவரின் மேல்சட்டையை விடியாத காலையில் மடிக்கும்போது நீலப் புள்ளிகள் தெறித்தன. நான் அதை அப்படியே கீழே போட்டுவிட்டு நின்றேன். அதன் பிறகு தண்ணீர்க் குழாயைத் தொட்டுவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினேன். அவர் ஒருநாள் கவனித்துவிட்டார்.

"நம்ம வீட்ல எங்கயாச்சும் மருந்து காயப் போட்டிருக்கியா? சொல்லிரு. நான் வெளிய போய்ப் படுத்துக்கிறேன்."

"கேலி பண்ணாதீக."

"கேலி இல்ல பிள்ள. உங்க வீட்டுப் பக்கம் வாசல்ல கோலம் போடுறதுக்கு முன்னாடி தீயணைப்பு வண்டிக்குச் சொல்லிருவாகளோன்னு கேட்டேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடி குழாயைத் தொட்டேன்.

அம்மாவிடம் குளிருக்குப் பிள்ளைக்கு என்ன போடுவது என்று நான் முன்பே கேட்டிருந்தேன். அவள் சாத்தூரில் மெத்தை தைப்பவரிடம் சொல்லி, பருத்தித் துணிக்குள் இலவம்பஞ்சு அடைத்து ஒரு கோட் தைத்து அனுப்பினாள். நல்ல கோட். கழுத்தில் சின்னப் பூ வேலைகூட இருந்தது. முதல் நாள் மகள் அதைப் போட்டுக்கொண்டு பனியில் உட்கார்ந்தாள். பனி உருகி உள்ளே இறங்கி, கோட் நனைந்த தலையணை போலக் கனத்தது. டேகேரில் துணி உலர்த்தும் அலமாரியில் அது மூன்றாம் நாள்தான் காய்ந்தது. பஞ்சு அங்கங்கே கட்டி தட்டிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் அவளை உள்ளேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு மறுநாள் அம்மாவை வீடியோ காலில் அழைத்தேன்.

"பிள்ளையக் காட்டுத்தா மொதல்ல. ஏ தங்கம், சாப்பிட்டியா? அது என்னடி பின்னால பளபளன்னு?"

"சோபா மெத்தைம்மா."

"நான் பயந்துட்டேன். கோட்டு போட்டு விட்டியா?"

"போட்டேன். நனைஞ்சு போச்சு."

"நனைஞ்சா காயப்போடு."

"வெயில் இல்லம்மா."

"வெயில் இல்லாம அது என்ன ஊரு! இங்கன வந்து அள்ளிட்டுப் போ, எம்புட்டு வேணும்?"

ஓவரால் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"அந்த ஊருப் பிள்ளைக எல்லாம் போடுறதுதான? போட்டுவிடச் சொல்லு. அங்கன என்ன மருந்தா இருக்கு?"

"நீங்க சும்மா இருங்க. யூனிட் வாசல்ல நின்னு அம்புட்டுப் பேரு சேலையவும் தொட்டுப் பாக்குறது நீங்கதான? யூனிட்ல ஒண்ணு பேசுவீக, வீட்ல ஒண்ணு பேசுவீக."

"அது யூனிட்டு. இது பிள்ளை விளையாடுற இடம்."

"பிள்ளைன்னா மட்டும் துணி மாறிருமா?"

இருவரும் என்னை மறந்துவிட்டுச் சண்டை போட்டார்கள். எனக்கு அது கேட்க ஆசையாக இருந்தது. போனை வைத்த பிறகு அப்பா சொன்னதுதான் சரி என்று தோன்றியது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் அம்மா சொன்னது சரி என்று தோன்றிவிட்டது.

அந்த வாரம் கணவர் என்னைக் கேட்காமலே ஒரு ஓவரால் வாங்கி வந்தார். கருநீலம். சோபாவில் வைத்துவிட்டு மறுநாள் ஆபீஸ் போய்விட்டார். லேபிளில் பாலியஸ்டர் என்றே எழுதியிருந்தது. படித்தேன். படித்த பிறகும் சாமி விளக்குக்கென்று வாங்கி வைத்திருந்த தீப்பெட்டியை எடுத்தேன். உள் தையலில் ஒரு நூலை உருவிப் பற்றவைத்தால் சரியாகத் தெரியவில்லை. உள்பையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தட்டில் வைத்துக் கொளுத்தினேன். சொட்டுச் சொட்டாக உருகியது. கறுப்பாகப் புகை எழுந்தது.

கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு முழுத் தெருவே கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அழைப்பு மணி அடித்தது. எதிர் வீட்டு இளைஞர். அதுவரை லிப்டில் மட்டும் பார்த்திருக்கிறேன். உள்ளே வரலாமா என்று சைகையில் கேட்டார். தலையாட்டினேன். தலைக்கு மேலே கருவி கத்திக்கொண்டிருக்க, அவர் குனிந்து காலணியின் கயிற்றை அவிழ்த்தார். ஒன்று, அப்புறம் இன்னொன்று. இரண்டையும் வாசலில் சேர்த்து வைத்தார். பிறகு உள்ளே வந்து, நாற்காலியில் ஏறி ஒரு பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது. ஜன்னலைத் திறந்துவிட்டார். தட்டையும் தீப்பெட்டியையும் உருகிக் கிடந்த கறுப்பு மணியையும் பார்த்தார். ஏதோ புரிந்தது போலவும் இல்லை, புரியாதது போலவும் இல்லை. காலணியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என்ன எரித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் இத்தனை இருந்தது. அப்பாவின் யூனிட், செம்புத் தகடு, எழுந்து நின்ற பிள்ளைகள், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அன்று மாலை முழுக்க மனதுக்குள் கோத்து வைத்தேன். மறுநாள் லிப்டில் அவரைப் பார்த்தேன். ஹலோ என்றார். நானும் சொன்னேன். இருவரும் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. அந்த மரியாதை எனக்குப் புரிந்தது. விருதுநகரில் இதையே பத்து நாள் பேசி, என்னைக் காணும்போதெல்லாம் "இன்னைக்கு என்ன எரிச்ச?" என்று கேட்டிருப்பார்கள். எரிச்சல்பட்டிருப்பேன். ஆனால் அந்த லிப்டில் நின்றபோது அப்படி ஒரு கேள்விக்காக ஏங்கினேன்.

ஓவராலை அலமாரியில் தொங்கவிட்டேன். சளி இருக்கிறது, குறையட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாளைத் தள்ளினேன். சளி உண்மையில் இருந்ததா என்று இப்போது நினைத்தால் சந்தேகமாக இருக்கிறது.

ஒருநாள் கடைக்குப் போன வழியில் டேகேர் பக்கம் நடந்தேன். பிள்ளைகள் முற்றத்தில் இருந்த நேரம். ஜன்னலுக்கு உள்ளே என் மகள் தெரிந்தாள். இரண்டு பனியன், அதன் மேல் பருத்திச் சட்டை. அழவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே ஒரு சிறுமி வாளியில் பனியை அள்ளிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை வாளி கவிழும்போதும் என் மகளின் கையும் உள்ளே கவிழ்ந்தது. கையில் வாளி இல்லை.

உள்ளே போனேன். ஆசிரியர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். அவள் மிகவும் உதவியான பிள்ளை என்றார். எல்லோரும் வெளியே போக உடுத்தும்போது வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வாளாம். கீழே விழுந்த கையுறைகளை எடுத்து, அது யாருடையது என்று பார்த்து, அவரவரிடம் கொடுப்பாளாம். இதுவரை ஒன்றைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. இதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் நன்றி என்றேன்.

மறுநாள் காலை, வெளியே இன்னும் இருட்டு. அலமாரியைத் திறந்து ஓவராலை எடுத்தேன். எடுத்ததும் உள்துணி கையோடு ஒட்டிக்கொண்டு சடசடத்தது. கீழே போடவில்லை. மகளை நடுவில் நிறுத்தி ஒரு காலைத் தூக்கி உள்ளே விட்டேன். கால் மாறிப் போனது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அங்கிட்டு நில்லும்மா."

ஓவராலை என் கையிலிருந்து வாங்கித் தரையில் விரித்தாள். இரண்டு கையும் விரிந்திருக்கும்படி மல்லாக்கப் போட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள். காலுறையை இழுத்துப் பேன்ட் நுனிக்கு மேல் ஏற்றிவிட்டாள். ஒரு கால், மறு கால். எழுந்து நின்று தோளை உதறிக் கையை நுழைத்தாள். நான் கையுறையை நீட்டினேன்.

"அது கடைசில. மொதல்லயே போட்டா ஜிப்பு போட முடியாதுல்ல?"

வாழ்க்கையில் ஒருமுறைகூட அவள் அதைப் போட்டதில்லை. வாசலில் உட்கார்ந்து அடுத்தவர்கள் போடுவதைப் பார்த்தே முழுசும் பாடமாக்கி வைத்திருந்தாள். ஜிப்பின் கடைசி இரண்டு விரற்கடை மட்டும் அவளுக்கு எட்டவில்லை. அதை நான் மேலே இழுத்தேன். கை அவள் கன்னத்தில் பட்டது. சுள்ளென்று ஒரு பொறி.

இருவரும் பின்வாங்கினோம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் கன்னத்தைத் தேய்த்தாள்.

"அம்மா கடிச்சிட்ட."

வேறு ஒன்றும் ஆகவில்லை. அவள் ஏற்கெனவே கதவருகில் போய் நின்றிருந்தாள்.

டேகேர் வாசலில் அவளை விட்டேன். மற்ற பெற்றோர்கள் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறவர்கள். வேலிப் பக்கம் நிற்பது அங்கே வழக்கமில்லை என்று எனக்குத் தெரியும். அன்று தெருமுனை வரை போய், நின்று, திரும்பி வந்தேன். கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேலியோரம் நின்றேன்.

லேசாக வெளிச்சம் வந்தபோது கதவு திறந்தது. பிள்ளைகள் வெளியே வந்தார்கள். அன்று பக்கத்துக் காட்டுக்கு அழைத்துப் போகிறார்கள் போல, எல்லோருக்கும் ஓவராலின் மேல் ஒரே மாதிரி, இருட்டில் பளிச்சென்று தெரிகிற கையில்லா மஞ்சள் மேலுடுப்பு மாட்டியிருந்தார்கள். ஒரே மாதிரித் தொப்பி, முகம் மூக்கு வரை மறைப்பு. எல்லாம் ஒரே உயரம். இரண்டிரண்டு பேராகக் கை கோத்து, கால் அகட்டி, ஆடி ஆடி நடந்தார்கள். கருநீல ஓவரால் மட்டுமே ஐந்தாறு இருந்தது. நடையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த உடுப்பில் எல்லோர் நடையும் ஒன்றுதான். கூப்பிடலாமா என்று யோசித்தேன். சத்தம் போட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்களை அந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை.

வரிசை வேலியோரமாகக் கடந்து போனது. தனியாக நடந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் இரண்டு முறை பார்த்து உறுதி செய்துகொண்டேன். கடைசிக்கு முந்திய சோடியில் ஒரு கையுறை என் பக்கம் உயர்ந்து அசைந்தது.

அது என் மகள்தானா என்று தெரியவில்லை. நானும் கையசைத்தேன்.